மன்னிப்புப் பெற்றவர், ஏமாற்றிய பணத்தைத் திருப்பித் தர வேண்டாமா?

மறைக்கல்வி ஆசிரியை:
எங்கள் பங்குக் கோவிலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறேன். கடந்த வாரம், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய மகனைத் தந்தை மன்னித்து ஏற்கும் ஊதாரி மைந்தன் உவமையை முடித்ததும் ஒரு மாணவன் எழுந்தான். "அப்பா சீட்டுக் கட்டிய பணம் முழுவதும் போய்விட்டது; சீட்டு நடத்தியவர் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்துவிட்டு எங்களுக்கு முன்னால் நின்று நற்கருணை வாங்குகிறார். கடவுள் அவருக்கு இரங்கிவிட்டார் என்றால், அப்பாவுக்கு உரிய நீதியை யார் தருவது?" என்று கேட்டான். கடவுள் இரக்கமும் நீதியும் ஒருங்கே உடையவர் என்று சொன்னேன். அவன் கேட்டதற்கு அது விடையன்று என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அடுத்த ஞாயிறு அவனுக்கு என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அன்புச் சகோதரிக்கு, இந்தக் கேள்வியில் திருச்சபையின் போதனை உங்கள் மாணவன் பக்கமே நிற்கிறது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1459-ஆம் எண்ணில், பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறதே தவிர அதனால் விளைந்த சீர்கேடுகள் அனைத்தையும் சரிசெய்துவிடுவதில்லை என்றும், திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது போல இயன்ற ஈட்டைச் செய்யும்படி நீதியே கேட்கிறது என்றும் தெளிவாகக் கூறுகிறது. இயன்றும் திருப்பித் தர மனமில்லாதவரிடம் மெய்யான மனத்துயர் இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இடைக்கால இறையியலாளரான புனித தோமா அக்குவினா ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். 100 காசு கடன்பட்டவன் தன் சொந்தப் பணத்திலிருந்து 200 காசு கொடுத்தால், அவன் நீதிக்கு எதிராக நடக்கவில்லை. நீதியைக் கடந்து போகிறான். இதில் 'சொந்தப் பணம்' என்பதே என்னைப் பல ஆண்டுகளாக யோசிக்க வைத்தது. கடவுள் தமக்கு வரவேண்டியதைத் தள்ளுபடி செய்கிறார்; அந்தத் தந்தைக்கு வரவேண்டியதை எடுத்து வேறொருவருக்குத் தானம் செய்வதில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். குருவானவர் அந்த மனிதரிடம் என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவருடைய உள்ளத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடன் தீரவில்லை என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

லுத்தரன் சபை உறுப்பினர்:
ஐயா சொன்னதற்கு வேத ஆதாரம் லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வஞ்சித்து எடுத்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவனிடம் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலி கர்த்தருக்கு உரியது, பணம் அயலானுக்கு உரியது. இருப்பினும், பணத்தைத் திருப்பிக் கொடுப்பது மன்னிப்புக்கான விலை என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு உண்டு. வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு முதலில் சொன்னார். அதன் பிறகுதான் அவன் நான்கு மடங்கு திரும்பச் செலுத்துவதாக எழுந்து நின்று அறிவித்தான். கிருபை முந்தியது. ஆனால் அது வந்த வீட்டில் பணப்பெட்டி பூட்டியே இருக்கவில்லை.

மறைக்கல்வி ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. ஓர் ஐயம் மீதமிருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் நினிவேயின் ஆயராக இருந்த ஈசாக்கு, கடவுளை நீதியுள்ளவர் என்று அழைக்காதே என்று எழுதியதாகவும், முதலில் வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே கூலி கிடைத்த திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையையே அதற்குச் சான்றாகக் காட்டியதாகவும் படித்திருக்கிறேன். அப்படியானால் இரக்கத்தின் முன் நீதி விலகி நிற்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஈசாக்கு எழுதியது உண்மை. பாவியாகிய தன்னிடம் கடவுள் கணக்குப் பார்க்கவில்லை என்ற வியப்பில் அவர் எழுதினார். பிறரை ஏமாற்றியவர் தமக்குச் சாதகமாக எடுத்தாளும் வாக்கியம் அன்று அது. அந்த உவமையை (மத்தேயு 20) மீண்டும் பாருங்கள். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் ஒரு நாள் கூலியான ஒரு தெனாரியம் கிடைத்தது. ஆனால் விடியற்காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. நிலக்கிழார் தம் பையிலிருந்துதான் கொடுத்தார்.

மறைக்கல்வி ஆசிரியை:
இந்த ஞாயிறு அந்த உவமையையே எடுக்கிறேன், ஐயா. மாணவனின் தந்தையை எங்கள் பங்கிலிருந்து இதுவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று இன்று விசாரித்து அறிந்தேன். பங்குத் தந்தையிடம் பேசி, வகுப்புக்கு முன்பே அவர் வீட்டுக்குப் போகிறோம்.