மலர்முகம், முகமலர்: எது உவமை, எது உருவகம்?

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி):
‘மலர்முகம்’ என்பதை உருவகம் என்று தேர்வில் எழுதி இரண்டு மதிப்பெண் இழந்தேன். இரண்டு சொற்களும் அவைதாமே, பிறகு வேறுபாடு எங்கே இருக்கிறது?

மறுமொழி 1:
வரிசையில்தான் இருக்கிறது. மலர்முகத்தை விரித்தால் ‘மலர் போன்ற முகம்’ என வரும். உவமை முன்னும் பொருள் பின்னும் நின்று, இடையில் ‘போன்ற’ என்னும் உருபு மறைந்திருப்பதால் அது உவமைத்தொகை. முகமலரோ ‘முகமாகிய மலர்’ என விரியும். அங்கே ஒப்புமை சொல்லாமல் முகத்தையே மலராக்கிவிடுகிறோம் என்பதால் அது உருவகம்.

மறுமொழி 2:
‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்’ என்னும் 10ஆம் குறளையும் பாருங்கள். பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர், இறைவனடியைத் தெப்பமாக்காமல் விட்டுவிட்டார். ஒன்றை மட்டும் உருவகப்படுத்தி, அதனோடு தொடர்புடையதை அப்படியே விடுவதால் இது ஏகதேச உருவக அணி. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்தக் குறள் மிகவும் பிடிக்கும்!

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் ‘அகர முதல’ குறளும் உருவகம்தானா?

மறுமொழி 1:
இல்லை. எழுத்துகளுக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல் என இரு தொடர்கள் தனித்தனியே நிற்க, இடையே உவம உருபு இல்லாமல் வந்துள்ளதால் அது எடுத்துக்காட்டு உவமையணி.