ட்ரெய்லரில் கூடுதல் பிளக் பாயின்ட்: எந்த இணைப்பிலிருந்து எடுப்பது?

கேள்வி – ஓஹையோவிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். சென்ற கோடையில் 24 அடி நீளமுள்ள பழைய ட்ரெய்லர் (வண்டியில் கட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) ஒன்றை வாங்கினோம். 30 ஆம்ப் இணைப்பு கொண்டது. சமையல் மேடை, குளியலறை, தொலைக்காட்சியின் பின்புறம், வெளிச்சுவர் ஆகிய நான்கு இடங்களைத் தவிர வேறெங்கும் பிளக் பாயின்ட் கிடையாது. என் தந்தை உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் தொல்லைக்காக இரவு முழுவதும் சிபாப் கருவியை அணிந்திருக்க வேண்டியவர். அதற்காகச் சமையல் மேடையிலிருந்து நடைவழியில் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டிருந்தோம். சென்ற மாதம் இருட்டில் எழுந்த அம்மா அதில் கால் தடுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை என்றாலும், இனி அப்படி வயர் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

படுக்கையருகே ஒன்றும், நான் மடிக்கணினியில் வேலை செய்யும் மேசையருகே ஒன்றும் புதிதாக அமைக்க வேண்டும். மதுரையில் மாமாவோடு சேர்ந்து சில வீடுகளுக்கு வயரிங் செய்த பழக்கம் எனக்கு உண்டு. படுக்கைக்கு மிக அருகில் இருப்பது குளியலறை பாயின்ட். அதிலிருந்து இணைப்பு எடுத்துவிடலாமா? எந்த அளவு வயர் வாங்க வேண்டும்?

மறுமொழி – டெக்சாஸிலிருந்து, மின்பணியாளர்

அம்மா நலமாக இருப்பது ஆறுதல் தருகிறது. வயரைப் பற்றி யோசிப்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 30 ஆம்ப் இணைப்பு என்பது 120 வோல்ட்டில் 3,600 வாட் மட்டுமே. கூரையிலுள்ள ஏசி ஓடும்போதே ஏறக்குறைய 1,500 வாட் போய்விடும். மைக்ரோவேவும் ஏறக்குறைய அவ்வளவே இழுக்கும். எத்தனை பாயின்ட் கூட்டினாலும் இந்த 3,600 கூடப்போவதில்லை. சிபாப்பும் மடிக்கணினியும் சிறிய சுமைகள்தான், அவற்றால் சிக்கல் வராது. ஆனால் படுக்கையருகே பாயின்ட் இருந்தால், குளிர்காலத்தில் யாராவது 1,500 வாட் ஹீட்டரை அதில் செருகாமல் இருக்க மாட்டார்கள். அது ஒன்றே 12.5 ஆம்ப் எடுக்கும். 15 ஆம்ப் பிரேக்கரில் நீண்ட நேரம் ஓடும் சுமை 12 ஆம்பைத் தாண்டக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

குளியலறை பாயின்ட்டிலிருந்து எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பல ட்ரெய்லர்களில் குளியலறையில் இருக்கும் ஒரே ஜிஎஃப்சிஐ (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பாயின்ட்), வெளிச்சுவர் பாயின்ட்டையும் சேர்த்துக் காக்கிறது. ஏறக்குறைய 5 மில்லி ஆம்ப் கசிந்தாலே அது துண்டித்துவிடும். உயிரைக் காப்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் நள்ளிரவு மழையில் வெளிப் பாயின்ட் நனைந்தால், அதே இணைப்பில் தொங்கும் உங்கள் தந்தையின் கருவியும் நின்றுவிடும். பகலில் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்து, எந்தப் பாயின்ட் எதில் இருக்கிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மைக்ரோவேவுக்கும் ஏசிக்கும் தனித்தனியாக உள்ள இணைப்புகளைத் தொட வேண்டாம். தொலைக்காட்சிப் பக்கம் பொது இணைப்பாக இருந்தால் அதுவே ஏற்றது. பிரேக்கர் 15 ஆம்ப் என்றால் 14 கேஜ் செம்புக் கம்பி, 20 ஆம்ப் என்றால் 12 கேஜ் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியதாகும்). 20 ஆம்ப் இணைப்பில் 14 கேஜை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

மதுரையில் கற்ற பழக்கத்தில் ஒன்றை இங்கே மறந்தே ஆக வேண்டும். அங்கே கறுப்பு நியூட்ரல். இங்கே 120 வோல்ட் வயரிங்கில் கறுப்புதான் மின்னோட்டம் வரும் கம்பி. வெள்ளை நியூட்ரல், உறையில்லாத செம்பு எர்த். கை பழகிய வேகத்தில் இதை மாற்றிவிட்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று இதைவிடவும் முக்கியமானது. வீட்டின் முதன்மை மின்பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்கும். ட்ரெய்லரின் மின்பெட்டியில் அவை இரண்டும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். இங்கே நடைமுறையிலுள்ள தேசிய மின்விதித் தொகுப்பின் 551ஆம் பிரிவு இதைத் தெளிவாகக் கேட்கிறது. அவற்றை ட்ரெய்லருக்குள் சேர்த்துவிட்டால் நியூட்ரலில் திரும்பும் மின்சாரத்தின் ஒரு பகுதி எர்த் வழியாகவும் ஓடும்; முகாம் மின்கம்பத்தில் ஒரு கோளாறு ஏற்பட்டாலே வண்டியின் உலோக உடல் முழுவதும் மின்னேறி, ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுபவரைத் தாக்கும். ஆகவே மின்பெட்டியைத் திறந்தாலும் நியூட்ரல் பட்டையையும் எர்த் பட்டையையும் இணைக்கும் எதையும் சேர்க்காதீர்கள்.

மறுமொழி – டொராண்டோவிலிருந்து

மேலே எழுதியவர் சொன்னதோடு சுவரைப் பற்றியும் சேர்த்துக்கொள்கிறேன். பல ட்ரெய்லர்களின் உட்சுவர் ஒன்றரை அங்குலத் தடிமன்தான் இருக்கும் என்பதால், வீட்டுக்கு வாங்கும் ஆழமான பெட்டி அதில் அமராது. பெட்டியும் பாயின்ட்டும் ஒன்றாகச் சேர்ந்த தட்டையான வகை இதற்கென்றே விற்கப்படுகிறது. வேறு எந்தப் பெட்டியையும் கொண்டு ஒப்பேற்றாமல் அதையே வாங்குங்கள். வண்டி ஓடும்போது ஓயாமல் அதிர்வதால், கம்பியைச் சட்டத்தில் பிடித்துக் கட்டுவதும், உலோகச் சட்டத்தைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடுவதும் அவசியம். நீட்டி மடக்கும் அறைப்பகுதி உங்கள் வண்டியில் இருந்தால் அதற்குள் சாதாரண வயரைக் கொண்டுபோகாதீர்கள். மடங்கி மடங்கி ஒருநாள் அறுந்துவிடும்.

துளைக்கும் முன் வெளி மின்கம்பத்திலிருந்து வரும் இணைப்பைப் பிடுங்கினால் மட்டும் போதாது. ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் நிறுத்தி, பாயின்ட்டில் மின்சாரம் இல்லை என்பதைக் கருவி வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி – கலிபோர்னியாவிலிருந்து

ஐயா, உங்கள் தந்தைக்கு வேறொரு வழியும் உண்டு. என் கணவரும் சிபாப் அணிபவர்தான். மின்இணைப்பே இல்லாத காட்டு முகாம்களுக்கும் நாங்கள் போவதால், படுக்கையருகே 12 வோல்ட் பாயின்ட் ஒன்றைப் பேட்டரியிலிருந்து எடுத்து, அவருடைய கருவிக்கென்று விற்கும் 12 வோல்ட் அடாப்டரை வாங்கினோம். கருவியிலுள்ள ஈரப்பதமூட்டியின் சூட்டை அணைத்துவிட்டால் கருவி இழுக்கும் மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது; ஆனால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே அதைச் செய்யுங்கள். பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் தூரம் கூடக் கூட மின்அழுத்தம் சரியும் என்பதால் வயர் தடிமனாக இருப்பது நல்லது. அமெரிக்க ட்ரெய்லர்கள் பலவற்றில் 12 வோல்ட் பக்கம் கறுப்பு பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். 120 வோல்ட் கம்பிகளும் அதே நிறத்தில் இருப்பதால் கண்ணை நம்பாமல் அளந்து பார்த்துத்தான் தொட வேண்டும்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிரேக்கர்களை அணைத்துப் பார்த்தபோது, குளியலறையும் வெளிச்சுவரும் ஒரே ஜிஎஃப்சிஐயில் இருப்பது தெரிந்தது. டெக்சாஸ் நண்பர் சொல்லியிராவிட்டால் அங்கேயே இணைத்திருப்பேன். தொலைக்காட்சிப் பாயின்ட் 15 ஆம்ப் பொது இணைப்பு என்பதால் அதிலிருந்து 14 கேஜ் வயரைக் கட்டில் பெட்டியின் அடியாகக் கொண்டுபோய், தட்டை வகைப் பாயின்ட் இரண்டைப் பொருத்தினேன். மூன்று விளக்குகள் கொண்ட சோதனைக் கருவியைச் செருகியபோது மேசையருகே உள்ளது கம்பி மாறியிருப்பதாகக் காட்டியது. திறந்து பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறியிருந்தன. எச்சரிக்கையைப் படித்த பிறகும் என் கை அப்படித்தான் போயிருக்கிறது. சரிசெய்து, மீண்டும் சோதித்தேன். 12 வோல்ட் பாயின்ட்டுக்கு வேண்டியவற்றை வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் பேட்டரி முன்பக்க இழுவைக் கம்பியின் மேல் இருக்கிறது; அங்கிருந்து படுக்கை 20 அடி தொலைவு. 10 ஆம்ப் ஃபியூஸுடன் 10 கேஜ் வயர் போதுமா என்று கலிபோர்னியா சகோதரி சொன்னால் இந்த வாரமே முடித்துவிடுவேன்.

மறுமொழி – கலிபோர்னியாவிலிருந்து

போதும், ஐயா. சிபாப் 5 ஆம்ப் இழுத்தாலும், போகவும் வரவுமாக 40 அடிக்கு 10 கேஜில் 0.2 வோல்ட்தான் குறையும்.