ஹவர் மீட்டர் மாற்றிய மறுநாள் எஸ்ஏபி-யில் 45 ஒர்க் ஆர்டர்: எப்படிச் சரிசெய்வது?

நூல்மில் பராமரிப்பு

எல்லோருக்கும் வணக்கம். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் பிளானராக இருக்கிறேன். எஸ்ஏபி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளில் பிளான்ட் மெயின்டனன்ஸ் (இயந்திரப் பராமரிப்பு) பகுதியைப் பயன்படுத்துகிறோம். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் உதவுங்கள்.

எங்களிடம் ஒரு ஸ்க்ரூ கம்ப்ரசர் இருக்கிறது. நூல் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரங்கள் முழுக்க அதன் காற்றில்தான் ஓடுகிறது. கம்ப்ரசருக்கு ஓட்ட மணி அடிப்படையில் இரண்டு பிளான் போட்டிருக்கிறோம். 2,000 மணிக்கு ஒருமுறை ஆயில் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும், 4,000 மணிக்கு ஒருமுறை ஆயிலும், காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செபரேட்டரும் மாற்ற வேண்டும். கடைசியாக 40,000 மணியில் இரண்டு வேலையும் முடிந்தன.

போன வாரம் ஹவர் மீட்டர் உள்ள கன்ட்ரோலர் போர்டு எரிந்துபோனது. சர்வீஸ்காரர் புது போர்டு போட்டுக் கொடுத்தார். பழைய மீட்டரில் நாங்கள் கடைசியாகப் பதிந்த ரீடிங் 41,260. புது மீட்டர் பூஜ்யத்தில் தொடங்கியது. தினமும் ஷிப்ட் ரீடிங்கை எக்செல்லில் நிரப்பி மொத்தமாக ஏற்றுவது எங்கள் வழக்கம். அதே மாதிரி மறுநாள் 36 என்று ஏறிவிட்டது. சிஸ்டம் எந்தப் பிழையும் சொல்லவில்லை.

காலையில் வந்து ஆர்டர் பட்டியல் காட்டும் ஐடபிள்யூ38 திரையைத் திறந்தால் முதல் பிளானில் 30, இரண்டாவதில் 15, மொத்தம் 45 ஆர்டர். மேலாளர் அதில் இரண்டை ரிலீஸ் செய்துவிட்டார். அதற்குள் ஸ்டோர்ஸில் இருந்து போன்: "செபரேட்டர் பதினைந்து எதற்கு? ஆயில் 600 லிட்டர் எதற்கு?" பர்ச்சேஸ் ரிக்விசிஷன் (கொள்முதல் கோரிக்கை) வரைக்கும் போய்விட்டது.

இதை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது? கம்ப்ரசருக்குப் புது எக்யூப்மென்ட் எண் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். அது சரியா?

ஓசூர் பிட்டர்

தம்பி, முதலில் இரண்டு பிளானையும் ஐபி02-இல் (பிளானைத் திருத்தும் திரை) செயலற்ற நிலைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் இன்று இரவு பிளான்களிலிருந்து ஆர்டர் உருவாக்கும் ஐபி30 ஓடும்போது இன்னும் ஏதாவது கிளம்பும். அடுத்து பர்ச்சேஸில் நேரில் போய்ச் சொல்லுங்கள். ரிக்விசிஷன் பி.ஓ. (கொள்முதல் ஆர்டர்) ஆகிவிட்டால் வெளி ஆட்களிடம் பேச வேண்டிவரும். மற்றதெல்லாம் நாளை பார்த்துக்கொள்ளலாம்.

நூல்மில் பராமரிப்பு

நன்றி அண்ணே. இரண்டும் செய்துவிட்டேன். பி.ஓ. எதுவும் போகவில்லை. ஆனால் 30, 15 என்ற எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்றுதான் புரியவில்லை.

தூத்துக்குடி பிளானர்

அந்த எண்ணிக்கைக்குக் கணக்கு இருக்கிறது. அது புரிந்தால்தான் சரிசெய்யவும் முடியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மெஷரிங் பாயின்ட்டை (சிஸ்டத்தில் அந்த மீட்டருக்கான பதிவு) ஐகே02-இல் திறந்து பாருங்கள். கவுண்டர் ஓவர்ஃப்ளோ என்ற இடத்தில் 1,00,000 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். ஐந்து இலக்க மீட்டர் 99,999-ஐத் தாண்டியதும் மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பும் என்று சிஸ்டத்துக்குச் சொல்வதற்கான இடம் அது. அந்த எண் இருக்கும்போது முந்தையதைவிடக் குறைந்த ரீடிங் வந்தால், மீட்டர் ஒரு சுற்று சுற்றிவிட்டது என்றுதான் சிஸ்டம் எடுத்துக்கொள்ளும்.

அதாவது 41,260-இலிருந்து 1,00,000 வரை 58,740 மணி, அதன்மேல் 36. ஒரே நாளில் கம்ப்ரசர் 58,776 மணி ஓடிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. மொத்த ஓட்டம் 1,00,036. 40,000-க்குப் பிறகு 42,000, 44,000 என்று 1,00,000 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 30 முறை. 4,000 மணிக் கணக்கில் 15. உங்கள் 45 ஆர்டரும் அங்கிருந்து வந்தவைதான்.

ரீடிங் வேறு, மொத்த ஓட்டம் வேறு. மீட்டரில் தெரிவது ரீடிங். இயந்திரம் வந்த நாளிலிருந்து ஓடியது மொத்த ஓட்டம். பிளான் பார்ப்பது இரண்டாவதை. மீட்டர் மாறலாம், இயந்திரத்தின் வயது மாறாது.

இப்போது செய்ய வேண்டியது. அந்த 36 ரீடிங்கின் ஆவணத்தை ஐகே12-இல் ரிவர்ஸ் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ரீடிங் ஏற்றியிருந்தால், கடைசியில் ஏற்றியதில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். மொத்த ஓட்டம் 41,260-க்குத் திரும்பியதா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

பிறகு பழைய மீட்டரின் கடைசி நிலை. போர்டு எரிந்த நேரம் ஷிப்ட் லாக் புத்தகத்தில் இருக்குமே? 41,260 எடுத்ததிலிருந்து எரிந்த நேரம் வரை எத்தனை மணி ஓடியது என்று பார்த்து, அதைக் கூட்டி ஒரு ரீடிங் போடுங்கள். அப்புறம் புது மீட்டரின் 0. மீட்டர் மாற்றியபின் எடுக்கும் முதல் ரீடிங் இது என்று குறிக்க அளவீட்டு ஆவணத்திலேயே வசதி இருக்கிறது. அதைப் போட்டால் மொத்த ஓட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதை எக்செல் ஏற்றத்தில் செய்ய வேண்டாம், ஐகே11-இல் கையால் போடுங்கள்.

நூல்மில் பராமரிப்பு

சார், ஓவர்ஃப்ளோ 1,00,000 என்றுதான் இருக்கிறது! லாக் புத்தகத்தில் பார்த்தேன், ரீடிங் எடுத்தபின் 14 மணி ஓடி நின்றிருக்கிறது. ஆக 41,274.

ஆர்டர்களை என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் டெலீஷன் ஃபிளாக் (நீக்கக் குறி) போடலாமா?

ஓசூர் பிட்டர்

டெலீஷன் ஃபிளாக் வேண்டாம் தம்பி. ஆர்டரை மட்டும் ஒதுக்கினால் பிளான் பக்கம் அந்தக் கால் (ஒவ்வொரு தவணை வேலைக்கும் பிளான் விடும் அழைப்பு) முடியாமலே தொங்கும். ரிலீஸ் ஆகாத 43-ஐயும் செயல்படுத்த வேண்டாம் என்ற நிலையில் முடியுங்கள். அப்படி முடித்தால் கால் முடியும், உதிரிபாக ரிசர்வேஷனும் போகும். ரிலீஸ் ஆன இரண்டையும் டெக்கோ (தொழில்நுட்ப ரீதியாக முடிந்தது என்ற நிலை) கொடுத்து முடியுங்கள். ஆனால் நீள்உரையில் காரணம் எழுதாமல் டெக்கோ கொடுக்காதீர்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்ப்பவர் ஃபில்டர் மாற்றியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார். "மீட்டர் மாற்றத்தால் தவறாக உருவானது, வேலை நடக்கவில்லை" என்று ஒரு வரி போதும்.

ஸ்டோர்ஸ் மேசை

ஸ்டோர்ஸ் பக்கம் இருந்து ஒன்று சொல்கிறேன். ரிசர்வேஷன் போனபின் எம்ஆர்பி (பொருள் தேவைக் கணக்கீடு) மறுபடி ஓடினால், யாரும் கை வைக்காத ரிக்விசிஷன்கள் தானாகவே நீங்கிவிடும். யாராவது திறந்து திருத்தியிருந்தால் அது நிலைத்துவிடும், அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். இருப்பும் தேவையும் காட்டும் எம்டி04-இல் செபரேட்டர், இரண்டு ஃபில்டர், ஆயில் என நான்கு பொருளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் ஸ்டோர்ஸ்காரர் போன் செய்து கேட்டது நல்ல விஷயம். பல இடங்களில் ஆர்டர் வந்துவிட்டதே என்று வாங்கி அடுக்கிவிடுவார்கள்.

தூத்துக்குடி பிளானர்

பிளானை இப்படியே மறுபடி இயக்கிவிடாதீர்கள். 1,00,000 வரை எல்லாக் காலும் வந்து முடிந்துவிட்டதால் அடுத்தது 1,02,000 என்றுதான் அது காத்திருக்கும். உண்மையான 42,000 மணி வேலை வரவே வராது. 45 ஆர்டர் வந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். ஒரு ஆர்டர் வராமல் போனால் யாருக்கும் தெரியாது, கம்ப்ரசர் சூடாகி நிற்கும்போதுதான் தெரியும்.

முதலில் ஐபி02-இல் செயல்நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, அட்டவணை போடும் ஐபி10-இல் இரண்டு பிளானையும் தொடக்க ரீடிங் 40,000 என்று கொடுத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். அட்டவணையில் அடுத்தது 42,000, இன்னொன்றில் 44,000 என்று தெரிந்த பிறகு சேமியுங்கள்.

அங்கேயே இன்னும் சிலவற்றையும் பாருங்கள். கம்ப்ளீஷன் ரிக்வயர்மென்ட் டிக் இருக்கிறதா? அது இருந்தால் ஒரு ஆர்டரை முடிக்கும் வரை அடுத்தது வராது. அன்று இருந்திருந்தால் 45-க்குப் பதில் இரண்டோடு நின்றிருக்கும். மெஷரிங் பாயின்ட்டில் ஆண்டு மதிப்பீடு என்ன போட்டிருக்கிறீர்கள்? அடுத்த தேதியைச் சிஸ்டம் அதை வைத்துத்தான் கணிக்கிறது. ஒரு வருடத்துக்கே 8,760 மணிதான், அதற்கு மேல் எண் இருந்தால் உடனே திருத்துங்கள். மூன்று ஷிப்டும் ஓடும் மில்லில் 350 நாள் என்று வைத்தால் 8,400.

ஓவர்ஃப்ளோ எண்ணை நான் எடுத்துவிடுவேன். அந்த வேகத்தில் 1,00,000 மணியைத் தொடவே ஏறக்குறைய 12 வருடம் ஆகும். எண் இல்லாவிட்டால் குறைந்த ரீடிங்கைச் சிஸ்டம் ஏற்காது, பிழை சொல்லும். அப்படி மறுப்பதுதான் உங்களுக்கு வேண்டிய காவல்.

கணக்கு மேசை

புது எக்யூப்மென்ட் எண் போடலாமா என்று தொடக்கத்தில் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். நான் நிதிப் பிரிவில் சொத்துக் கணக்கு பார்க்கிறேன். எக்யூப்மென்ட் மாஸ்டரில் அந்தக் கம்ப்ரசரின் அசெட் எண் இணைந்திருக்கும். புது எண் போட்டால் 41,000 மணி வரலாறும் பழுதுச் செலவும் ஒரு எண்ணில், நாளைக்கு வரும் செலவு இன்னொரு எண்ணில் என்று பிரிந்துவிடும். இந்தக் கம்ப்ரசரை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று மேலிடம் கேட்கும் நாளில் உங்களிடம் பாதிக் கதைதான் இருக்கும். கன்ட்ரோலர் போர்டு மாற்றியது சாதாரணமாகப் பழுதுபார்ப்புச் செலவு, அந்த ஆர்டரிலேயே முடிந்துவிடும்.

ஏர் என்ட் (கம்ப்ரசரில் காற்றை அழுத்தும் ஸ்க்ரூ பகுதி) மாற்றும்போது மட்டும் எங்களிடம் சொல்லாமல் செய்யாதீர்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, ஒரு சொத்தில் பெரிய மதிப்புள்ள பாகத்தின் பயன்பாட்டுக் காலம் மற்றதிலிருந்து வேறுபட்டால் அதைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். 2015 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு இது கட்டாயம். பொதுவான இயந்திரத்துக்கு அந்த அட்டவணை வைத்திருக்கும் காலம் 15 வருடம். உங்கள் ஏர் என்ட் அத்தனை வருடம் தாங்குமா என்று உங்களுக்குத்தான் தெரியும். ஓட்ட மணி சரியாக இருந்தால்தான் எங்களாலும் சரியான காலம் போட முடியும்.

நூல்மில் பராமரிப்பு

நீங்கள் ஏர் என்ட் என்று சொன்னதும் இன்னொரு சந்தேகம். எங்களிடம் ரீகண்டிஷன் செய்த ஏர் என்ட் ஒன்று ஸ்பேராக இருக்கிறது. அடுத்த வருடம் மாற்றும்போது அதன் ஓட்ட மணியை எங்கே எழுதுவது? இப்போது கம்ப்ரசருக்கு ஒரே கவுண்டர்தான் இருக்கிறது.

தூத்துக்குடி பிளானர்

இரண்டு ஏர் என்ட்டுக்கும் வரிசை எண்ணோடு தனி எக்யூப்மென்ட் போட்டு, ஓடுவதைக் கம்ப்ரசரின் கீழே பொருத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுண்டர் போட்டு, மேலே உள்ள கம்ப்ரசர் கவுண்டரிலிருந்து ரீடிங் மாற்றம் பெறும்படி அமையுங்கள். அதன்பிறகு கம்ப்ரசருக்கு மட்டும் ரீடிங் போட்டால் போதும், பொருத்தியிருக்கும் காலத்தில் ஓடிய மணி மட்டும் ஏர் என்ட்டின் கணக்கில் ஏறும். கழற்றினால் நின்றுவிடும். ரீகண்டிஷனுக்குப் போய் வந்து வேறு கம்ப்ரசரில் ஏறினாலும் தன் மணியைத் தானே சுமந்து போகும்.

ஒரே நிபந்தனை, கழற்றிய நாளும் பொருத்திய நாளும் சிஸ்டத்தில் சரியாக இருக்க வேண்டும். பிட்டர்கள் ஞாயிற்றுக்கிழமை மாற்றியதைப் புதன்கிழமை பதிந்தால், மூன்று நாள் ஓட்டம் கழற்றிய ஏர் என்ட்டின் பெயரில் ஏறிவிடும்.

நூல்மில் பராமரிப்பு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றும் இன்றும் உட்கார்ந்து முடித்துவிட்டேன்.

ரிவர்ஸ் செய்ததும் மொத்த ஓட்டம் 41,260-க்கு வந்தது. பிறகு 41,274, புது மீட்டரின் 0, அதன்பின் இன்றைய ரீடிங் 108. மொத்தம் 41,382 என்று காட்டுகிறது, லாக் புத்தகக் கணக்கோடு ஒத்துப்போகிறது. 43 ஆர்டர் செயல்படுத்தாமல் முடிந்தன, இரண்டுக்குக் காரணம் எழுதி டெக்கோ. ரிக்விசிஷனில் ஒன்றை மட்டும் யாரோ திருத்தியிருந்தார்கள், ஸ்டோர்ஸ் மேசை அக்கா சொன்ன மாதிரி அதைக் கையால் எடுக்க வேண்டியிருந்தது. ஐபி10-இல் அடுத்தது 42,000, 44,000. ஓவர்ஃப்ளோ எண்ணை எடுத்துவிட்டேன், கம்ப்ளீஷன் டிக் போட்டேன்.

கன்ட்ரோலர் அல்லது மீட்டர் மாற்றும் ஆர்டரில் "பழைய மீட்டரின் கடைசி ரீடிங், புது மீட்டரின் முதல் ரீடிங்" என்று ஒரு வேலை வரி சேர்க்கச் சொல்லி மேலாளரிடம் கேட்டேன், ஒத்துக்கொண்டார். மற்ற கம்ப்ரசர்களையும் பார்த்தேன். இரண்டில் ஆண்டு மதிப்பீடு 12,000 என்று இருக்கிறது. நாளை அதைத் திருத்துகிறேன்.

ஓசூர் பிட்டர்

நல்லது தம்பி. அந்த இரண்டிலும் மதிப்பீட்டை மாற்றியதும் ஐபி10-இல் மறு அட்டவணையும் போட்டுவிடுங்கள். அதுவரை பழைய தேதிதான் நிற்கும்.