காலாப்பட்டுப் பக்கம் மலிவாகச் சாப்பிட நல்ல மெஸ்ஸைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதிய மாணவன்:
வணக்கம். இவ்வாண்டு காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்திருக்கிறேன். சொந்த ஊர் தருமபுரி. வெளியே சாப்பிடலாம் என்றால் நண்பர்கள் கடற்கரைப் பக்கத்து கஃபேக்களுக்கே அழைக்கிறார்கள். அங்கே ஒரு வேளைக்கு ஆகிற செலவில் எனக்கு இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலும் ஊருக்குள்ளும் பெயர்ப்பலகைகூட இல்லாத சிறு மெஸ்கள் கண்ணில் படுகின்றன. ஆனால் அவற்றைப் பற்றி இணையத்தில் ஒரு வரிகூட இல்லாததால் நுழையத் தயக்கமாக இருக்கிறது. வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோரிமேட்டுக்காரன்:
தம்பி, எந்தக் கடை என்பதைவிட எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதே முக்கியம். சிறு மெஸ்ஸில் மதியத்துக்கு ஒரே உலைதான். பன்னிரண்டரைக்குப் போனால் சாம்பாரில் காய் இருக்கும், இரண்டரைக்குப் போனால் ரசமும் அடிச்சோறும்தான். மாலையில் வடை போடும் கடையென்றால் வாணலியை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எண்ணெய் கறுத்து, வடையைப் போட்டதும் விளிம்பில் நுரை கட்டி அடங்காமல் நின்றால், டீயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எவ்வளவு சிறிய கடையானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். 14 இலக்க எண்ணுடன் அந்தச் சான்று சுவரில் மாட்டியிருக்க வேண்டும்.

ஒரு யோசனை: ஜிப்மர் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் சாப்பிட்டுப் பாருங்கள். நோயாளிகளோடு வெளியூரிலிருந்து வந்து நாள்கணக்கில் தங்குபவர்கள் காசை எண்ணித்தான் செலவழிப்பார்கள். அவர்களை நம்பி நடக்கும் கடை, காரத்தை அள்ளிக் கொட்டியும் விலையைக் கூட்டியும் நிலைக்க முடியாது.

முத்தியால்பேட்டை வாசி:
மீன் சாப்பிடுபவராக இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களிலும் பலகையில் "வஞ்சிர வறுவல்" என்று எழுதிக் குறைந்த விலைக்குக் கொடுத்தால், அது பெரும்பாலும் ஐஸ் பெட்டியில் கிடந்த மீன்தான். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லாததால் நெத்திலியும் மத்தியும் கொஞ்சம் கிடைக்கும். காலாப்பட்டும் பிள்ளைச்சாவடியும் மீனவர் ஊர்கள் என்பதால், அங்கே இருந்துகொண்டு பழைய மீன் சாப்பிட வேண்டிய தலையெழுத்து உங்களுக்கு இல்லை. உட்கார்ந்ததும் "இன்னிக்கு என்ன மீன்க்கா?" என்று கேளுங்கள். ஒரே ஒரு மீனின் பெயரைச் சொல்லி, அதுவும் தீரப்போகிறது என்று சொல்பவரின் குழம்பை நம்பலாம். மாங்காய்க் காலத்தில் அதே மத்திக் குழம்பில் இரண்டு துண்டு மாங்காய் போட்டு, எண்ணெய் மேலே மிதக்கக் கொண்டுவந்து ஊற்றுவார்களே, அதற்கு ஈடாக எந்த கஃபேயிலும் ஒன்றும் கிடையாது என்பது என் கட்சி.

மஞ்சக்குப்பம்:
கடலூரிலிருந்து எழுதுகிறேன். மேலே சொன்னவற்றை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பெயர் தெரியாத கடை என்பதற்காகவே அதைக் கொண்டாடவும் வேண்டாம். கைகழுவும் இடமும் தண்ணீர் டிரம்மும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பிடித்துப்போனால் மாதக் கணக்கு வைத்துக்கொள்வதே சிக்கனம். முன்பணம் கொடுப்பதற்கு முன், ஊருக்குப் போகும் நாட்களைக் கழிப்பார்களா என்பதைப் பேசி, நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த பையன்களுக்கும் மெஸ்காரர்களுக்கும் சண்டை வந்ததெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான்.

புதிய மாணவன்:
அனைவருக்கும் நன்றி. மாதக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமையும் சேருமா?

மஞ்சக்குப்பம்:
கடைக்குக் கடை மாறும். பல இடங்களில் ஞாயிறு மதியம் மட்டும் சாப்பாடு இருக்கும். அன்று கறிக்குழம்பென்றால் அதற்குத் தனிக் காசு.