ஸ்டென்ட் வைத்த பிறகு குலை வெட்டும் வேலை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறேன், வயது 51. பிப்ரவரியில் மாரடைப்பு, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்). ஈப்போவில் இருதய மறுவாழ்வுப் பயிற்சி போன மாதம்தான் முடிந்தது. அங்கே டிரெட்மில்லில் 30 நிமிடம் நடந்தும் ஒன்றும் செய்யவில்லை.

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே சிக்கல். அரிவாள் கம்பைத் தலைக்கு மேல் பிடித்து இழுத்தால் மூச்சு வாங்குகிறது. 20 கிலோ குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டு நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. நெஞ்சு வலி இல்லை. கிளினிக்கில் இசிஜி பார்த்தாகிவிட்டது, மாற்றமில்லை. மருந்தைச் சரிபார்க்க அடுத்த வாரம் ஈப்போ போகிறேன். அதுவரை எம்சி (மருத்துவ விடுப்பு).

'இலகுவான வேலை' என்ற டாக்டர் கடிதத்தை மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) நீட்டினேன். "தோட்டத்துல இலகுவான வேலை எதுண்ணே?" என்றார். நியாயமான கேள்விதான். ஆபீசில் உதிரிப்பழம் பொறுக்கக் கேட்டேன், பதிலே இல்லை. சிகரெட்டை விட்டாச்சு, இனிப்புப் பால் டீயான தே தாரேக் போய், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் ஆகிவிட்டது. வேலைதான் இடிக்கிறது.

பெர்கேசோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக்குத் திரும்பும் திட்டம் வழியாக வேலை மாற்றம் வாங்கியவர்கள், டாக்டர் கடிதத்தில் என்னென்ன எழுதி வாங்கினீர்கள்?