குருதிவடிப்பா, காற்றெடுப்பா?

வணக்கம் நண்பர்களே,

பிரேக் எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதை ஆங்கிலத்தில் 'பிளீட்' (ரத்தம் வடித்தல்) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாகக் குழுவில் ஐயா முன்வைத்த 'குருதிவடிப்பு' பார்த்தேன். வெள்ளைக்காரன் ரத்தம் என்றான் என்பதற்காக நாமும் ரத்தம் சிந்த வேண்டுமா? வெறும் 'வடிப்பு' போதும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அதில் உள்ள ஆபத்தை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை. (பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.) அண்ணன் மகன் செம்பனைத் தோட்டத்து வேலைக்கு மோட்டாரில் போய்வருகிறான். போன மாதம் பின் பிரேக் பேட்டைத் தானே மாற்றினான். மாற்றியதும் பெடல் தொளதொளவென்று அடிவரை இறங்கியது. போனில் கேட்டான். நானும் யோசிக்காமல் "எண்ணெயை வடிச்சி விடுடா" என்றேன். பிள்ளை சொன்னபடி செய்தான். நிப்பிளை (பிரேக்கில் எண்ணெய் வெளியேறும் சிறு திருகை) திறந்து, மேலே உள்ள எண்ணெய்க் கிண்ணம் காலியாகும் வரை வடித்தான். கிண்ணம் காய்ந்ததும் காற்று உள்ளே புகுந்தது. அதுவரை குழாயில் காற்றே இல்லை!

பேட் மாற்றும்போது எண்ணெய்க் குழாயைத் திறப்பதே இல்லை. புதுப் பேட் தடிமன் என்பதால், பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளுகிறோம். அது மறுபடி வெளியே வந்து பேட்டைச் சக்கரத்து டிஸ்க்கோடு சேர்க்கும் வரை பெடல் இறங்கத்தான் செய்யும். வண்டியை எடுக்குமுன் நின்ற இடத்திலேயே பலமுறை மிதித்தால் இறுகிவிடும். அவனுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். மிதிக்க மிதிக்க இறுகி, சற்று விட்டு மிதித்தால் மறுபடி பஞ்சு போல அமுங்குகிறதா, அப்போதுதான் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். காலால் கொடுக்கும் அழுத்தத்தை அதுவே தின்றுவிடும்.

ஆக, வெளியே வர வேண்டியது காற்று. எண்ணெய் கூட வருவது. மலாய்க்காரர்கள் இதை 'புவாங் ஆங்கின்' என்கிறார்கள், காற்றை வெளியேற்றுவது. (அதற்கு இன்னொரு பொருளும் உண்டு, பட்டறையில் சிரிப்பு வரும்.) நம் ஆட்கள் 'காத்து எடுக்கிறது' என்கிறார்கள். அதையே 'காற்றெடுப்பு' என்று வைத்துக்கொள்வோமே. நிப்பிள் 'காற்றெடுப்புத் திருகு' ஆகிவிடும்.

*

தம்பி, குருதியைக் கைவிட்டேன். ஆனால் 'எடுப்பு' என்றால் உள்ளே எடுப்பதாகவும் படுமே? எஞ்சினும் காற்று எடுக்கிறது. 'காற்றகற்றல்' என்றால் குழப்பமில்லை.

*

ஐயா, முள் எடுக்கிறோம், பேன் எடுக்கிறோம், சுளுக்கு எடுக்கிறோம். யாரும் உள்ளே வைப்பதாக நினைப்பதில்லை. எஞ்சின் செய்வதைக் 'காற்றுறிஞ்சல்' என்று பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் காலில் பெடல், இன்னொருவர் கையில் ஸ்பானர். "மிதி, பிடி, திற, மூடு, இப்ப விடு" என்று கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் 'அகற்றல்' யார் வாயில் வரும்?

பையனின் பிரேக் சரியாகிவிட்டது. கிண்ணம் காயாமல் புது எண்ணெய் ஊற்றிக்கொண்டே, குமிழி நிற்கும் வரை இருவரும் காற்று எடுத்தோம். ஆனால் முதலில் சொன்ன வேலைக்கு, அதாவது பேட் மாற்றியபின் மிதித்து மிதித்துப் பிஸ்டனை வெளியே கொண்டுவருவதற்கு, இன்னும் பெயர் இல்லை. 'மிதித்திறுக்கல்' வரைதான் எனக்கு எட்டியது. சொல்லிப் பார்த்தால் நாக்கு இடறுகிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.