தங்கச்சி கல்யாணம்: அப்பாவுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன்

வர்ற தை மாதம் கும்பகோணத்தில் தங்கச்சிக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாச்சு. அப்பா நாற்பது வருஷமா கறுப்புச் சட்டைக்காரர். ஐயர், தாலி எதுவும் கூடாது, ராகு காலத்தில்தான் நடத்தணும் என்கிறார். மாப்பிள்ளையின் அம்மாவோ, அக்னி வளர்க்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்கிறார். மூணு வாரமா பேச்சுவார்த்தை இல்லை. தங்கச்சி கேட்பது மஞ்சள் கயிறு மட்டும், மந்திரம் வேண்டாமாம்.

மாலை, மோதிரம், தாலி இவற்றில் ஒன்றே போதும், 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் வந்த 7ஏ பிரிவின்படி செல்லும் என்று சொல்லிப் பார்த்தேன். சம்பந்தியம்மாவுக்குச் சட்டம் பற்றிக் கவலையே இல்லை. திருக்குறள் ஓதி நடத்தலாம் என்றேன். "முதல் அதிகாரமே கடவுள் வாழ்த்துதானே" என்று அப்பா சிரித்தார். (சிரித்ததே பெரிசு.) கடைசியாக, வள்ளலார் வழியில் ஒரு விளக்கேற்றி, அவருடைய அருட்பெருஞ்ஜோதி அகவலில் நாலு வரி பாடி மாலை மாற்றலாமா என்றதற்கு மட்டும் இரண்டு பக்கமும் உடனே மறுக்கவில்லை.

வள்ளலாரின் சன்மார்க்க முறையில் கல்யாணம் நடத்தியவர்கள் யாராவது இருந்தால், விளக்கேற்றியதிலிருந்து என்னென்ன, எந்த வரிசையில் செய்தீர்கள் என்று சொல்ல முடியுமா?